காற்று முறித்த மரம்

அரியலூரிலிருந்து பெரம்பலூர் போகும் பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் ஏதோ ஒரு பள்ளியின் இங்கிலீஷ் வாத்தியார். ஒல்லியான உடம்பு, தடித்த கண்ணாடி. சூறைக்காற்றில் புளியமரங்கள் ரோட்டின்மேல் வளைந்தபோது, அவர் என் முழங்கையை இறுகப் பிடித்துக்கொண்டு பேச ஆரம்பித்தார்.

"விண்ட்ஃபால்னு இங்கிலீஷ்ல ஒரு வார்த்தை. எதிர்பாராம வர்ற அதிர்ஷ்டம்னு அர்த்தம். காத்துல விழுந்த பழத்தையும் மரத்தையும்தான் முதல்ல அப்படிச் சொன்னாங்க."

"இப்ப எதுக்கு சார் இது?"

"பயம் வந்தா இப்படி எதையாவது பேசிட்டே இருக்கணும். இல்லன்னா கத்திடுவேன்."

அவர் சொல்லி முடிப்பதற்குள் எங்களுக்கு முன்னால் ஒரு புளியமரம் சாய்ந்தது. டிரைவர் பிரேக் போட்டதில் எல்லோரும் முன் சீட்டில் போய் மோதினோம். மழை கொட்டியது. பக்கத்து வீடுகளிலிருந்து பெண்கள் அரிவாளோடு விறகு வெட்ட ஓடிவந்தார்கள்.

வாத்தியார் சட்டென்று எழுந்து கீழே குதித்தார்.

"கிட்ட வராதீங்கம்மா. கரண்ட் கம்பி அறுந்து கெடக்கு."

"காத்துல விழுந்த மரம்தானுங்களே, வழிய விடுங்க" என்று முன்னால் வந்த பெண் விலகி நடந்தாள். அவர் இரண்டு கைகளையும் விரித்து மறித்தார். அவருக்குப் பின்னால், ஈர இலைகளுக்குள் நீலமாகப் பொறி பறந்தது. அந்தப் பெண் அரிவாளைப் போட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டாள்.

கரண்டை நிறுத்தும்வரை அவர் அங்கேயே நின்றார். வாய் ஓயாமல் எதையோ பேசிக்கொண்டே இருந்தது பஸ்ஸிலிருந்தே தெரிந்தது.

எங்களில் அதிகம் பயந்தவர் அவர்தான். அவரால் எப்படி இறங்க முடிந்தது என்பது எனக்கு இன்னும் விளங்கவில்லை.