இரண்டாவது சரணம்

எங்கள் மகள் உயிரோடு பிறக்கவில்லை. கழுத்தில் கொடி சுற்றிக்கொண்டது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். வெள்ளைத் துணியில் சுற்றிக் கொடுத்ததை வேனில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். மாமனார் தேயிலை மலைக்குப் பின்னால் குழி வெட்டி வைத்திருந்தார். மண்ணைத் தள்ளி மூடிவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு லயத்து வரிசையில் இருந்த எங்கள் வீட்டுக்கு வந்து, துக்கம் கேட்க வந்தவர்களுக்கு நாற்காலி எடுத்துப் போட்டேன். "இந்தப் பய கல்லு மாதிரி நிக்கிறானே" என்று பக்கத்து வீட்டு அக்கா யாரிடமோ சொன்னது காதில் விழுந்தது. அவர் சொன்னது சரிதான். எனக்கு ஒன்றும் வரவில்லை.

நானும் மனைவியும் ஒரே பேண்டில் இருந்தோம். அவள் பாடுவாள், நான் லீட் கிட்டார். டிரம்ஸ் வாசிக்கும் நண்பனுக்கு ஹட்டனில் சவுண்ட் செட் வாடகைக்கு விடும் கடை இருந்தது. அதன் பின்னறையில்தான் பிராக்டிஸ். ஏப்ரல் சீசனில் நுவரெலியா ஹோட்டல்கள், யாத்திரைக்காரர்கள் மலையேறும் சீசனில் நல்லதண்ணி, மற்ற நாட்களில் கல்யாணமும் கோயில் திருவிழாவும். எங்கே போனாலும் வாசித்தது பிறருடைய பாட்டுகளைத்தான். எங்களுக்கென்று ஒரு பாட்டு இருக்கவில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அவளுக்குப் பால் கட்டிக்கொண்டது. அவளுடைய அம்மா சந்தையிலிருந்து முட்டைக்கோவா வாங்கி வந்து, இலைகளை உரித்துக் குளிரக் குளிர மார்பில் வைத்துக் கட்டினார். வலி கூடும்போதெல்லாம் அவள் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்து, வாயைத் திறக்காமல் முனகுவாள். முதலில் அது வெறும் முனகல். பிறகு அதில் ஒரு மெட்டு இருப்பது தெரிந்தது. மேலே போகப் பார்த்து, போகாமல், படிப்படியாகக் கீழே இறங்கிவிடும் மெட்டு.

எலெக்ட்ரிக் கிட்டாரை ஆம்பில் செருகாமல் எடுத்து, கட்டிலுக்குக் கீழே உட்கார்ந்து அதற்குப் பொருந்தும் கிட்டார் கோர்டுகளைத் தேடினேன். செருகாத கிட்டாரின் சத்தம் அடுத்த வீட்டுக் காம்பராவுக்குக் கேட்காது. ஈ மைனரில் ஆரம்பித்தது. பாசம், துக்கம் என்றெல்லாம் நினைத்துச் செய்யவில்லை. உடைந்த பிளக்கைப் பிரித்து வயரைப் பொருத்துகிறவன் மாதிரி செய்தேன்.

அவள் கண்ணைத் திறக்காமலே, "அந்த எடம் இல்லங்க. இன்னும் கீழ" என்றாள்.

இன்னும் கீழே ஒரு கோர்டு போட்டேன். மெட்டு போய் உட்கார்ந்தது.

சொற்களை அவள்தான் எழுதினாள். ஒரு பல்லவி, இரண்டு சரணம். மூடுபனி, திறந்து வைத்த கதவு, மேட்டுப் பாதையில் வராத ஆள். குழந்தை என்ற சொல் எங்கேயும் இல்லை. இரண்டாவது சரணத்தில் மட்டும் 'உனக்குக் குளிருதா' என்று ஒரு கேள்வி வரும். படித்துவிட்டு நல்லா இருக்கு என்றேன். அவள் தலையாட்டினாள். அதற்கு மேல் நாங்கள் அதைப் பற்றிப் பேசவில்லை.

கடையின் பின்னறையில் முதல் தடவை வாசித்துக் காட்டியபோது நண்பன் கேட்டான், "லவ் பாட்டா மச்சான்?"

"அப்படியே வச்சுக்க."

அவன் பாட்டின் நடையை இன்னும் மெதுவாக்கினான். முதல் சரணம் முடியும்வரை சிம்பலை மட்டும் தொட்டுவிட்டு, பல்லவி திரும்ப வரும் இடத்தில் முழு டிரம்ஸையும் இறக்கினான். அதே இடத்தில் நான் கிட்டார் சத்தத்தைக் கரகரப்பாக்கும் டிஸ்டோர்ஷன் பெடலை மிதித்தேன். அறைக் கண்ணாடி அதிர்ந்தது. அப்போதுதான் அது ராக் பாட்டானது. அவள் பயப்படவில்லை. அந்தச் சத்தத்துக்கு மேலே ஏறிப் பாடினாள்.

அந்த ஏப்ரலில் நுவரெலியாவில் ஒரு ஹோட்டலின் புல்வெளியில் மாலை நிகழ்ச்சி. ஸ்வெட்டர் போட்ட கொழும்பு ஜோடிகள் நிறையப் பேர். மனேஜர் மேடைப் பக்கம் வந்து, "தம்பி, ஆக்கள் ஜோடியா ஆடக் கேக்கிறாங்க. ஸ்லோ பாட்டு ஒண்டு போடுங்க" என்றார். தெரிந்த ஸ்லோ பாட்டுகள் எல்லாம் முடிந்திருந்தன. நண்பன் என்னைப் பார்த்தான். நான் அவளைப் பார்த்தேன். அவள் மைக்கைக் கிட்டே இழுத்துக்கொண்டாள்.

முதல் சரணத்திலேயே ஜோடிகள் புல்லில் இறங்கிவிட்டார்கள். தமிழ் தெரிந்தவர்கள் அதில் எத்தனை பேரோ. ஒருவர் தோளில் ஒருவர் தலை வைத்து அசைந்துகொண்டிருந்தார்கள். பல்லவி போனது, டிரம்ஸ் இறங்கியது, எல்லாம் பிராக்டிஸில் இருந்த மாதிரியே. இரண்டாவது சரணம் தொடங்க வேண்டிய இடம் வந்தது. அவள் பாடவில்லை.

மைக்கை விட்டு ஓரடி பின்னால் நின்று, தண்ணீர்ப் போத்தலைத் திறந்து குடித்துக்கொண்டிருந்தாள். முகத்தில் எதுவும் இல்லை. வெறுமனே விட முடியாதே என்று சரணத்தின் மெட்டைக் கிட்டாரில் எடுத்தேன். அது முடிந்தும் அவள் வரவில்லை. இன்னொரு சுற்று எடுத்தேன், மேலே போனேன், இழுத்தேன். நண்பன் கூடவே வந்தான். அந்த நேரம் முழுக்க, பெடலின் பேட்டரி தாங்குமா, இரண்டாவது கம்பியின் சுருதி கொஞ்சம் இறங்கிவிட்டதா என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தேன். விரல்கள் தாமாகப் போய்வந்தன. கடைசியில் அவள் மைக்குக்கு வந்து பல்லவியை முழுக் குரலில் எடுத்தாள். முடிந்ததும் கைதட்டல் நிற்க நேரமானது.

திரும்பும்போது வேனில் கேட்டேன்.

"ஏன் நிப்பாட்டுன?"

"வார்த்த வரலங்க."

"நீ எழுதுனதுதானே."

"ஆமா" என்று சொல்லி ஜன்னல் கண்ணாடியை ஏற்றினாள்.

யாரோ அதைப் போனில் எடுத்து இணையத்தில் போட்டிருந்தார்கள். பாட்டு பரவியது. கிட்டார் அழுகிறது என்று கீழே ஒருவர் எழுதியிருந்தார். யாரோ ஒரு கிட்டார்காரனைப் பற்றிப் படிப்பதுபோல் படித்துவிட்டுப் போனை வைத்தேன். அதற்குப் பிறகு போகும் இடமெல்லாம் அதைத்தான் கேட்டார்கள். அந்த நீளமான கிட்டார் பகுதியோடுதான் கேட்டார்கள். இரண்டாவது சரணத்தை அவள் எங்கேயும் பாடவில்லை. பாடச் சொல்லி நாங்களும் கேட்கவில்லை. பாட்டின் அமைப்பே அதுதான் என்று ஆகிவிட்டது. மஸ்கெலியாவில் ஒரு கல்யாணத்தில் பெண்ணே மேடைக்கு வந்து, "அக்கா, எங்களுக்காக அந்தப் பாட்டு" என்று இவள் கையைப் பிடித்துக்கொண்டாள். இவள் சிரித்து, "பாடுறேம்மா" என்றாள். பாடினாள். நான் வாசித்தேன். பிறகு பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டோம்.

போன மாதம் ஒரு மத்தியானம், நண்பனின் கடையில் கிட்டாருக்குக் கம்பி மாற்றிக்கொண்டிருந்தேன். புதுக் கம்பியின் நுனி விரலில் குத்தியது. சின்னக் குத்துத்தான். கம்பியை மறுபடி துளையில் கோக்கப் பார்த்தேன். துளை கண்ணுக்குத் தெரியவில்லை. கிட்டாரைக் கீழே வைத்துவிட்டு ஸ்பீக்கர் பெட்டியில் உட்கார்ந்தேன்.

நண்பன் கவுண்டரைச் சுற்றி வந்து பார்த்தான். விரலைப் பார்த்தான், என் முகத்தைப் பார்த்தான். போய் ஷட்டரைப் பாதி இறக்கினான்.

"அந்தப் பாட்டு புள்ளைக்குத்தானாடா?"

"ம்."

"சொல்லியிருக்கலாம்ல."

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். வேறு ஏதோ சத்தம் வந்தது. அவன் பக்கத்தில் உட்கார்ந்து என் முதுகில் கையை வைத்துக்கொண்டான். சவுண்ட் செட் கேட்டு வந்த ஒருவர் குனிந்து உள்ளே எட்டிப் பார்த்தார். "கொஞ்சம் பொறுத்து வாங்கண்ணே" என்று சொல்லி அனுப்பிவிட்டான்.