ஆடிக் காற்றில் விளக்குப் பொண்ணு

எங்கள் உறவின்முறையில் வருடத்துக்கு ஒரு பெண்ணைத் தேர்ந்தெடுத்து மேடையேற்றும் வழக்கம் எங்கிருந்து வந்தது என்று இப்போதிருக்கும் பிள்ளைகளுக்குத் தெரியாது. ஏதோ சோழர் காலத்துச் சங்கதி மாதிரி பேசுகிறார்கள். அது பினாங்கிலிருந்து வந்தது. அங்கே மளிகைக்கடை வைத்திருந்து, அறுபதுகளில் தேனிக்குத் திரும்பி, எங்கள் சங்கத்துக்குத் தலைவரான ஒரு மாமா கொண்டுவந்தது. முதல் கூட்டத்தில் அவர் பேசியதை அப்பா வீட்டில் அப்படியே நடித்துக் காட்டுவார்.

"அங்கன சீனக்காரக கடைத்தெருவுல வருசத்துக்கு ஒரு பொண்ணத் தேடி எடுத்து, பட்டு உடுத்தி, கிரீடம் வச்சு, ஊர்கோலம் விடுறாக. 'நாங்க யாருன்னு பாருங்கடா'ன்னு ஊருக்கே காட்டுறாக. நமக்கென்ன கொறச்சல்?"

குறைச்சல் ஒன்றுமில்லை, புத்தியைத் தவிர. ஆடி மாதத்தில் கல்யாணம் கிடையாது, கடையிலும் ஈ ஓட்ட வேண்டியதுதான். அதனால் விழாவை ஆடியில் வைத்தார்கள். கோலம், பாட்டு, நம் முன்னோர் இங்கே வந்து கடை போட்ட கதையைச் சொல்லும் பேச்சு, மூன்றிலும் ஜெயிக்கிற பெண்ணுக்கு முதல் வருடம் மதுரை நாடகக் கடையில் வாங்கிய தகரக் கிரீடம். ஊரே சிரித்ததும் மாமா கிரீடத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு, அவள் கையில் காமாட்சி விளக்கைக் கொடுத்தார். பள்ளிக்கூட மைதானத்து மேடையில் ஏற்றிய விளக்கை அணையாமல் பஜார் கடைசியில் இருக்கும் பிள்ளையார் கோயிலில் கொண்டுபோய் வைக்க வேண்டும். விளக்குப் பொண்ணு என்று பேர் வந்தது அப்போதுதான்.

கம்பம் பள்ளத்தாக்கில் ஆடி மாதம் விளக்கேந்தி நடப்பதாவது! கணவாய் வழியாக இறங்குகிற காற்று கடைப் பலகையையே பெயர்த்துக்கொண்டு போகும். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்று எங்கள் ஆட்களே நாள்தோறும் சொல்வார்கள். சொல்லிக்கொண்டே விளக்கையும் ஏற்றுவார்கள்.

ஒரு வருடம் போடியிலிருந்து வந்த பெண்ணின் கையில் விளக்கு பாதி வழியில் அணைந்துவிட்டது. அவளுக்குப் பேசி வைத்திருந்த சம்பந்தம் அடுத்த வாரமே முறிந்தது. மாமா சங்கத்தில் எல்லார் முன்னாலும் சொன்னார்: "விளக்கு அணைஞ்சா கல்யாணம் நிக்கத்தானய்யா செய்யும்." அவள் அப்பா கடையை மூடிவிட்டுக் குடும்பத்தோடு கடமலைக்குண்டுக்குப் போய்விட்டார். அதற்குப் பிறகு பெண்கள் அந்த விளக்கைத் தொடவே நடுங்கினார்கள். ஆனால் பெற்றவர்கள் விடவில்லை. ஜெயித்த பெண்ணுக்கு நல்ல இடம் வரும் என்ற ஆசை யாரை விட்டது?

எழுபதுகளில் ஒரு வருடம் என் அக்கா ஜெயித்தாள். ஆவணியில் அவளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை வீடு போடியில் ஏலக்காய் வியாபாரம். அக்காவுக்கு அவரைப் பிடித்துப்போயிருந்தது. நிச்சயத்தன்று வைத்த பூ காய்ந்து சருகான பிறகும் அதைத் தலையணைக்கடியில் வைத்திருந்தாள். நான் கேலி செய்தால், "போடி எருமை" என்று துரத்துவாள். ஆனால் ஜெயித்த அன்றிலிருந்து சிரிப்பு போய்விட்டது. "அணைஞ்சிருமாடி?" என்று என்னிடம் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

அம்மா அவளைக் கொல்லையில் நடக்கவிட்டுப் பழக்கினாள். "காத்து வந்தா முந்தானைய ஒரு சுத்துச் சுத்தி விளக்க மூடிப் புடி ஆத்தா. பயப்படாத." அக்காவும் சுங்குடிச் சேலையில் அப்படியே பழகினாள். ஒருமுறைகூட அணையவில்லை.

ஆனால் ஊர்வலத்துக்கு உடுத்த வேண்டியது சுங்குடி இல்லை. பினாங்கு மாமா வருடாவருடம் வரவழைக்கும் நைலான் சேலை. வழுக்கி வழுக்கி விழும், கையில் நிற்காது. எங்கள் சொந்தத்தில் வேதக்காரச் சித்தி ஒருத்தி அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "இதைக் கட்டிக்கிட்டு நெருப்பு ஏந்தவா? சர்ச்சுல மெழுகுவத்தி புடிக்கக்கூட நான் விட மாட்டேன்" என்றாள். அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "நல்ல காரியத்துக்குப் போற புள்ள மேல வாய் வைக்காத" என்றாள்.

அன்று சாயங்காலம் காற்று குறையவே இல்லை. மாப்பிள்ளை வீட்டார் வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். அக்கா அவர்களைப் பார்க்கவில்லை, சுடரை மட்டும் பார்த்தபடி இறங்கி நடந்தாள். மேளம் முன்னால் போனது. நான் பின்னால் எண்ணெய்ச் செம்போடு போனேன்.

பருத்தி மூட்டை அடுக்கும் கிட்டங்கி முக்கில் திரும்பியதும் காற்று நேரே அடித்தது. சுடர் படுத்துவிட்டது. அக்கா அம்மா சொல்லிக்கொடுத்தபடியே முந்தானையைச் சுற்றி இழுத்தாள்.

சேலை எரியவில்லை, உருகியது. உருகி உடம்போடு ஒட்டியது. "விளக்கப் போடுடி! போடு!" என்று கத்தினேன். அவள் போடவில்லை. கத்திக்கொண்டே இரண்டு கையாலும் விளக்கைத் தள்ளி நீட்டிப் பிடித்திருந்தாள். கிட்டங்கி ஆட்கள் ஓடிவந்து நனைந்த சாக்கை அவள் உடம்பில் போட்டு அமுக்கினார்கள்.

பினாங்கு மாமா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். வந்தவர் கேட்ட முதல் கேள்வி: "ஏலே, விளக்கு அணைஞ்சிருச்சா?"

"இல்ல மொதலாளி" என்றது ஒரு குரல். யாரோ அதை அவள் விரல்களிலிருந்து பிரித்தெடுத்துக் கோயிலுக்குக் கொண்டுபோனார்கள். மேளம் தொடர்ந்தது. பாவிகள்!

மதுரை ஆஸ்பத்திரியிலிருந்து அக்கா திரும்பி வந்தபோது ஆவணி முடிந்திருந்தது. கழுத்தும் வலது கையும் சுருங்கிப்போய், முகத்தைத் திருப்ப முடியாமல் வந்தாள். மாப்பிள்ளை வீட்டார் ஆரஞ்சுப் பழத்தோடு வந்து பார்த்தார்கள். காப்பி குடித்தார்கள். கல்யாணப் பேச்சை எடுக்கவில்லை. தை மாதம் அந்த மாப்பிள்ளைக்கு வேறிடத்தில் கல்யாணம் நடந்தது.

அடுத்த ஆடி வந்தது. மாமா எங்கள் வீட்டுக்கு வந்து அப்பா எதிரில் உட்கார்ந்தார். "இந்த வருசம் பேட்டரி பல்பு விளக்கு. காத்துக்கும் பயமில்ல, நெருப்புக்கும் பயமில்ல. உங்க மூத்தவளே மேடையில ஜெயிச்ச புள்ளைக்கு எடுத்துக் குடுக்கட்டும். உசுரே போனாலும் விளக்க அணையவிடாத புள்ளையில்ல அவ!"

உள்ளேயிருந்து அக்கா வந்தாள். கழுத்து திரும்பாததால் உடம்பையே அவர் பக்கம் திருப்பி நின்றாள்.

"விளக்கு அணைஞ்சா கல்யாணம் நிக்கும்னு சொன்னீக மாமா. அணையலையே. என் கல்யாணம் எங்க?"

மாமா காப்பியைத் தொடாமல் எழுந்து போனார். அந்த வருடமும் விழா நடந்தது.