வாசிப்பில் தேறவில்லை

எங்கள் வாத்தியாரை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை. அவர் போய்ச் சேர்ந்து வெகுநாளாயிற்று. அதற்காகக் கோபம் ஆறிவிட வேண்டுமா என்ன?

ஜெர்மன் யுத்தத்துக்கு இரண்டு மூன்று வருஷம் முந்தி, முக்கூடலுக்குப் பக்கத்தில் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் நான்காம் வகுப்புப் படித்தேன். அந்தப் பரீட்சையில் தேறினால் பாளையங்கோட்டைக்கு அனுப்பி மேலே படிக்க வைப்பதாக அப்பா சொல்லியிருந்தார். தவறினால் வயல் வேலை.

நான்காம் வகுப்புப் பிள்ளை எந்தத் தமிழ்ப் புத்தகத்தையும் தானாக வாசிக்க வேண்டும் என்பது விதி. ஆனால் வாத்தியார் வாசிக்கக் கற்றுக்கொடுக்கவே இல்லை. பாடத்தை ராகம் போட்டுச் சொல்வார், நாங்கள் திருப்பிச் சொல்வோம். அவர் இருமினால் எல்லாரும் தாளைத் திருப்ப வேண்டும். மாதக்கணக்கில் பழக்கியது இதைத்தான். கூட்டத்தோடு சத்தம் போட எனக்குக் கூச்சம். வாயை மட்டும் அசைத்துக்கொண்டு எழுத்தைப் பார்த்திருந்தேன். முதல் வகுப்பில் மணலில் எழுதிய எழுத்துகளைத் தாளில் தேடித் தேடி, அப்படித்தான் எனக்கு வாசிக்க வந்தது.

பரீட்சையன்று இன்ஸ்பெக்டர் நாற்காலியில் சாய்ந்து, கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். எனக்கு முந்தினவன் இரண்டு தாளைச் சேர்த்துத் திருப்பிவிட்டான். யானைப் பாடத்தைப் பார்த்தபடி பருத்திப் பாடத்தை மடமடவென்று ஒப்பித்தான். "பேஷ்" என்றார் இன்ஸ்பெக்டர். நான் விரலை வைத்து ஒவ்வொரு சொல்லாக வாசித்தேன். நாலு வரி தாண்டவில்லை. "போதும், உட்கார்" என்றார்.

அவர் வண்டியேறியதும் வாத்தியார் என் காதைத் திருகினார்.

"ஏலே, ஒன்ன யாருலே எழுத்தைப் பாக்கச் சொன்னா?"

"வாசிக்கத்தானய்யா சொன்னாவ."

"வாசிச்சுக் கிழிச்ச. அவன் பாக்காமலே சொல்லிட்டான். நீ கண்ணைத் தொறந்து வச்சிட்டு முழிக்க."

வகுப்பு முழுவதும் சிரித்தது. தப்பான தாளைத் திருப்பினவன்தான் அதிகம் சிரித்தான்.

பத்து நாள் கழித்து முடிவு வந்தது. வாத்தியார் ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தார். அப்பா தொழுவத்தில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். அவருக்கு எழுத்துத் தெரியாது.

"என்னலே போட்டிருக்கு? படி."

படித்தேன். கணக்கில் தேறினான், எழுதுவதில் தேறினான், வாசிப்பில் தேறவில்லை, மேல் வகுப்புக்குத் தகுதியில்லை. ஓரிடத்திலும் தடுக்கவில்லை.

"வாசிக்கத் தெரியலன்னா போட்டிருக்காவ?"

"ஆமாப்பா."

அப்பா சீட்டை வாங்கி இரண்டு பக்கமும் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். வாத்தியாரும் இன்ஸ்பெக்டரும் சேர்ந்து எழுதியதை அவர் எந்தத் தைரியத்தில் மறுப்பார்? நானாவது சொல்லியிருக்க வேண்டும்.

"நாளைக்கு நடுகைக்கு ஆள் கொறையுது. வந்துரு" என்றார்.