கையெழுத்து வாங்காத வண்டி

எந்த வண்டி எந்தப் பள்ளத்தில் கிடந்தாலும் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார் என் வீட்டுக்காரர். வண்டிக்குச் சொந்தக்காரர் முன்னால் ஒரு தாளை நீட்டிக் கையெழுத்துக் கேட்கத்தான் அவருக்கு நாக்கு எழாது. அதுவும் எங்கள் சர்ச் சபை ஆள் என்றால் போச்சு, கல்யாணப் பெண்ணைப் போலத் தலையைக் குனிந்துகொள்வார்.

நாங்கள் மெட்டுகுடாவில் ரயில்வே குவார்ட்டர்ஸை ஒட்டிய சந்தில் குடியிருந்தோம். போலாரத்தில் ராணுவத்துக்காரர்கள் ஏலம் விட்ட ஒரு கிழட்டு லாரியை எடுத்து, பின்னால் இரும்புக் கையும் சங்கிலியும் வைத்துக் கிரேன் வண்டி ஆக்கியிருந்தார். நின்றுபோன கார்களை இழுத்துக்கொண்டு போய், குஷாய்குடாவில் ஒரு பாய் நடத்திய ரிப்பேர் ஷெட்டில் விடுவதுதான் தொழில்.

அந்த நாளில் திருட்டுக் கார்களை ராவோடு ராவாக ஷெட்டுகளுக்குக் கொண்டுபோய்ப் பிரித்துப்போடும் கூட்டம் ஒன்று கிளம்பியிருந்தது. போலீஸ் ஸ்டேஷனில் கிரேன்காரர்களையும் ஷெட்காரர்களையும் கூப்பிட்டு விதி சொல்லிவிட்டார்கள். வண்டியைத் தொடுவதற்கு முன்னால் சீட்டு எழுத வேண்டும். வண்டி நம்பர், எங்கேயிருந்து தூக்கியது, எங்கே கொண்டுபோவது, எங்கே நசுங்கியிருக்கிறது, உள்ளே என்னென்ன சாமான் இருக்கிறது, எல்லாம் எழுதிச் சொந்தக்காரரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். ஒரு காப்பி அவருக்கு, ஒன்று ஷெட்டுக்கு. சீட்டு இல்லாத வண்டியை ஷெட்காரர் உள்ளே விடக் கூடாது. பாய் இதில் படு கெட்டி. “காகஜ் நை தோ காடி நக்கோ” என்று கேட்டிலேயே மறித்துக்கொண்டு நிற்பார். தாள் இல்லையென்றால் வண்டியும் வேண்டாம், அவ்வளவுதான் பேச்சு.

எங்கள் சபையில் எல்லோரும் அண்ணன், தங்கச்சி, மதினி என்றுதான் கூப்பிட்டுக்கொள்வோம். முக்கால்வாசிப் பேர் திருநெல்வேலிப் பக்கம். ஊரை விட்டு வந்த இடத்தில் உறவு வேண்டாமா? அப்படி என் வீட்டுக்காரருக்குத் தங்கச்சியாக வாய்த்தவள்தான் எலக்ட்ரானிக்ஸ் கம்பெனி ஆபீசரின் மனைவி. புருஷன் சபைக் கமிட்டியில் இருந்தார். சொந்தக் கார் வைத்திருந்தார்கள். எங்களுக்கு அதில் கொஞ்சம் பெருமைகூட.

ஒரு கல்யாண வீட்டுக்குப் போய்த் திரும்பும்போது அந்தக் கார் வாய்க்கால் பாலத்தில் மோதி முன்பக்கம் உட்கார்ந்துவிட்டது. இவருக்கு ஆள் விட்டார்கள். இவரும் போய், சீட்டுப் புத்தகத்தை எடுத்திருக்கிறார். அவள் சிரித்துக்கொண்டே, “என்னண்ணே, எங்ககிட்டயுமா? நாங்க என்ன அசலாரா?” என்று கேட்டிருக்கிறாள். மனுஷனுக்கு அது போதுமே! வெட்கப்பட்டுப் புத்தகத்தை லாரி இருக்கைக்கு அடியில் தள்ளிவிட்டார். ஷெட்டில் பாய் மறித்தபோது, “என் தங்கச்சி வீட்டு வண்டி பாய், நான் ஜவாப்தாரி” என்று சொல்லி உள்ளே விட்டுவிட்டு வந்தார்.

மறுநாள் சாயங்காலம் ஆபீசரும் அவளும் இரண்டு கமிட்டிக்காரர்களோடு எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார்கள். கல்யாண வீட்டில், அவள் எப்போதும் போட்டிருக்கும் சிலுவைச் சங்கிலியின் கொக்கி உடைந்துபோனதாம். கைக்குட்டையில் முடிந்து, காரின் முன்பக்க அறையில் வைத்தாளாம். இப்போது ஷெட்டில் போய்ப் பார்த்தால் இல்லையாம்.

“போலீஸ் கீலீஸ்னு போகவேண்டாம். சபைக்குள்ளயே பேசி முடிச்சிக்கிடலாம்னுதான் வந்தோம்” என்றார் கமிட்டிக்காரர் ஒருவர். என்னத்தைப் பேசுவது? என்னத்தை முடிப்பது? எனக்குத் தலை முதல் கால் வரை பற்றிக்கொண்டு வந்தது.

என் வீட்டுக்காரர் விலகி உள்ளே வழி விட்டார். “வீட்டைப் பாத்துக்கிடுங்க” என்று சொல்லிவிட்டு அவரே கட்டிலுக்கு அடியில் இருந்த ட்ரங்குப் பெட்டியை இழுத்து வெளியே போட்டார். “பாத்தாத்தான் என் மனசு ஆறும்” என்றார். வேண்டாம் என்று அவர்கள் சொல்லுவார்கள் என்று நினைத்தாரோ என்னவோ. ஒருத்தரும் சொல்லவில்லை.

பெட்டியில் இருந்தது என் துணிகள். ஆண்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அவள் குனிந்து ஒவ்வொன்றாக எடுத்தாள். ஒட்டுப் போட்ட பாவாடைகள், நூல் விட்டுப்போன ரவிக்கைகள், கிழிந்த சேலையைக் கிழித்துப் பிள்ளைக்கென்று வைத்திருந்த துணிகள். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு ஒரே சேலையை மாற்றி மாற்றி மடிப்பு வைத்துக் கட்டிக்கொண்டு போய் நான் மறைத்து வைத்திருந்ததெல்லாம் அவள் கையில் தொங்கியது. சந்து முழுக்க வாசலுக்கு வந்துவிட்டது. என் மகள் என் முந்தானையைப் பிடித்து இழுத்து, “ஏம்மா? ஆன்ட்டி எதுக்கு நம்ம பெட்டியத் திறக்காங்க?” என்று கேட்டாள். பூமி பிளந்து என்னை விழுங்கிக்கொள்ளக் கூடாதா என்று இருந்தது.

“தப்பா எடுத்துக்காதீங்க மதினி” என்று சொல்லிவிட்டுப் போனாள் அவள். எடுத்த துணியை மடித்துக்கூட வைக்கவில்லை.

இவரிடம் அன்று கத்தினேன். “ஒரு கையெழுத்து வாங்க வக்கில்ல! அந்தத் தாள்ல சாமான் எழுதியிருந்தா இன்னைக்கு எவ என் பாவாடையத் தொட்டிருப்பா?” அவர் பெட்டியை மூடி உள்ளே தள்ளினார். “தங்கச்சின்னு நினைச்சுட்டேன்” என்றார்.

எங்கள் கோயிலில் காணிக்கைப் பை எடுத்துப்போகும் நாலு பேரில் அவர் ஒருவர். வெள்ளைச் சட்டையைத் துவைத்து இஸ்திரி போட்டு வைப்பது அதற்காகத்தான். படிக்காத மனுஷனுக்கு இந்த ஊரில் கிடைத்த ஒரே மரியாதை அது. அடுத்த ஞாயிறு அவர் எழுந்து போய்க் கையை நீட்டினார். போதகர் ஐயர் பையை அவரைத் தாண்டி வேறொருவரிடம் கொடுத்தார். நீட்டின கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் ஒரு நிமிஷம் நின்றாரே, அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சோறு இறங்காது. அதன் பிறகு அவர் கடைசி பெஞ்சுக்குப் போய்விட்டார்.

அந்தச் சங்கிலியை நான் கிறிஸ்துமஸ் அன்று பார்த்தேன். திருவிருந்துக்கு வரிசையாக முழங்கால் போட்டிருந்தோம். எனக்கு இரண்டு ஆள் தள்ளி அவள். அப்பத்துக்குக் குனிந்தபோது கழுத்தில் அது ஆடியது. முறுக்குப் பின்னல், நடுவில் சிலுவை, அதே சங்கிலி. எல்லோரும்தான் பார்த்தார்கள். கமிட்டிக்காரர்கள் பாட்டுப் புத்தகத்தைப் புரட்டினார்கள். ஒரு ஆள், ஒரே ஒரு ஆள்கூட, என் வீட்டுக்காரரைத் திரும்பிப் பார்க்கவில்லை. வெளியே வந்ததும் நான் அவள் பின்னால் ஓடப் பார்த்தேன். இவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். “ஏட்டி, விடு. கெடைச்சிருச்சில்லா” என்றார். பல்லைக் கடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

அடுத்த மழைக்காலத்தில் அதே கார் குஷாய்குடாவுக்குச் சற்று முன்னால் தண்ணீரில் நின்றுபோனது. மறுபடி ஆள் விட்டார்கள், வெட்கமில்லாமல். போகாதீங்க என்றேன். அவர் கிளம்பியதைப் பார்த்து நானும் வண்டியில் ஏறி உட்கார்ந்தேன்.

அவர் இறங்கி, சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார். சீட்டுப் புத்தகத்தைப் பானெட் மேல் குடைக்கு அடியில் விரித்தார்.

“உள்ள என்ன சாமான் இருக்கு, மேடம்?” என்று கேட்டார்.

அவளுக்கு முதலில் யாரைக் கேட்கிறார் என்றே புரியவில்லை. “என்னண்ணே?” என்றாள்.

“உள்ள இருக்கிற சாமான் எல்லாம் எழுதணும், மேடம். விதி.”

ஒரு குடை, ஒரு டார்ச் லைட், ஒரு டிபன் கேரியர், மூடி சமேதமாக. ஒவ்வொன்றையும் எடுத்துக் காட்டச் சொல்லி எழுதினார். ஆபீசர் கையெழுத்துப் போட்டார். கயிறு கட்டி இழுத்தால் போதும் என்பதால் ஸ்டீயரிங்கைப் பிடிக்க அவர் காரிலேயே உட்கார்ந்துகொண்டார். அவள் மட்டும் நனைந்துகொண்டு எங்கள் பக்கம் வந்து, “மதினி, நான் இங்க ஏறிக்கிடட்டா?” என்றாள். நான் நகர்ந்து இடம் விட்டேன்.

கொஞ்ச தூரம் போனதும் அழ ஆரம்பித்தாள். “கைக்குட்டையோட பீரோவுலதான் இருந்துச்சு, மதினி. கார்ல வச்சதா நினைச்சுட்டேன். உங்க வீட்டுக்கு வந்துட்டுப் போன மறுநாளே கிடைச்சிருச்சு.”

மறுநாளே! அப்படியானால் அந்த ஞாயிறு, இவர் கையை நீட்டிக்கொண்டு நின்றபோது, அவளுக்குத் தெரியும்.

“அப்பவே சொல்லுததுக்கு என்ன கொள்ளை?”

“வெட்கமா இருந்துச்சு.”

“இப்பச் சொல்லு. ஞாயித்துக்கிழமை கோயில்ல எந்திரிச்சு, எல்லார் முன்னாலயும் சொல்லு.”

அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு தலையை ஆட்டினாள். மாட்டாளாம். அவள் வெட்கம் அவளுக்குப் பெரிது. அதை எங்கள் வீட்டில் இறக்கி வைத்துவிட்டு அவள் சங்கிலியைப் போட்டுக்கொண்டாள், நாங்கள் சுமந்தோம். என் வீட்டுக்காரர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் வந்தார். கண்ணை ரோட்டை விட்டு எடுக்கவில்லை.

ஷெட்டில் பாய் சீட்டை வாங்கிச் சாமான்களைச் சரிபார்த்தார். “ஹவ், சப் பராபர்”, எல்லாம் சரியாக இருக்கிறது என்று கேட்டைத் திறந்தார்.

அவள் இறங்கி இவர் முன்னால் வந்து நின்றாள். “அண்ணே, என்னை ரெண்டு வார்த்தை திட்டவாவது செய்யுங்கண்ணே.”

அவர் ஒரு காப்பியைக் கிழித்து நீட்டினார். “இது உங்க காப்பி, மேடம்.”

அதை வாங்க அவள் கை எழவில்லை. நீட்டின கை அப்படியே மழையில் நின்றது. அந்தக் கையை இன்னொரு முறை அப்படிப் பார்க்க என்னால் ஆகாது. தாளை நானே பிடுங்கி, மடித்து, அவள் உள்ளங்கையில் வைத்து அமுக்கினேன்.

“பத்திரமா வச்சுக்கிடுங்க” என்றேன். “நாளைக்கு யாராவது வந்து உங்க பெட்டியத் திறக்கச் சொன்னா, காட்டணும்லா.”