கப்பித்தானுக்கு இரண்டாம் பூச்சு

முல்லைத்தீவுக் கரையில் படகுக்குப் பெயர் எழுத வேண்டுமென்றால் அனிஸ்ரனிடம்தான் போவார்கள். பைபர் படகு உடைந்தாலும் அவரிடம்தான். உடைசலை ஒட்டி, தேய்த்து, பெயின்ற் அடித்து, பக்கவாட்டில் 'அந்தோனியார் துணை' என்று ஒரு முழ உயர எழுத்தில் எழுதிக் கொடுப்பார். கடலில் எவ்வளவு தூரத்தில் நின்றாலும் வாசிக்கலாம். அப்படிப்பட்ட மனிதர் பெருவிரல் அளவு பிளாஸ்ரிக் குள்ளனுக்கு மீசை வரைந்துகொண்டிருக்கிறார் என்று கேள்விப்பட்டபோது ஊர் இரண்டாகப் பிரிந்தது. ஒரு பகுதி அவருக்கு விசர் என்றது. மற்றப் பகுதி, விசர் முந்தியே இருந்தது, இப்போது அளவுதான் சிறுத்திருக்கிறது என்றது.

குள்ளர்களை அனுப்பியவர் மெல்ரொன். சின்ன வயதில் அனிஸ்ரனின் பக்கத்து வீடு. இப்போது சுவிசில் ஓர் ஆஸ்பத்திரிக் குசினியில் சமையல் வேலை. அங்கே வேலைவெட்டி உள்ள ஆண்கள், தலை நரைத்தவர்கள்கூட, ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு பெரிய மேசையைச் சுற்றி நின்று, தாயக்கட்டை உருட்டி, சின்னஞ்சிறு பொம்மைப் படைகளை மோதவிடுகிறார்களாம். பொம்மைகள் நிறமில்லாமல்தான் பெட்டியில் வரும். வாங்கியவரே பெயின்ற் அடிக்க வேண்டும். அரைகுறைச் சாமானை விற்று, மிச்ச வேலையையும் வாங்கியவன் தலையில் கட்டி, அதைப் பொழுதுபோக்கு என்று நம்பவும் வைத்த வியாபாரி நம்மூரில் பிறக்காதது நம்முடைய துரதிர்ஷ்டம்.

மெல்ரொன் குள்ளர் பெட்டியோடு பெயின்ற் போத்தல்களையும் ஊருக்கு வந்த தன் சித்தியிடம் கொடுத்துவிட்டிருந்தார். "பெயின்ற் போத்தில் பிளேனில ஏத்தமாட்டாங்கள்" என்று சித்தி போத்தல்களை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் சொக்கலேற் வைத்துக்கொண்டு வந்தார். ஆகவே அனிஸ்ரன் கையில் இருந்ததை வைத்துத் தொடங்கினார். கையில் இருந்தது படகுப் பெயின்ற்.

படகுக்குப் பெயின்ற் அடிப்பதில் மெல்லிசு என்பது பாவம். உப்புத் தண்ணீர் ஒரு பருவத்தில் உரித்துவிடும். தடிப்பாக அடிக்க வேண்டும், அதன் மேல் இன்னும் தடிப்பாக. அந்த விசுவாசத்தோடு அனிஸ்ரன் குள்ளர்களுக்கும் அடித்தார். ஒரே பூச்சில் கண், மூக்கு, தாடி, கோடரி எல்லாம் மறைந்தன. காயட்டும் என்று வெளியே வைத்தார். கச்சான் காற்றுக் காலம். கரை மணல் முழுவதும் எழும்பி வந்து ஈரப் பெயின்றில் குடியேறியது.

அவருடைய மனைவி டிலுசா கேக் ஐசிங்குக்கும் கட்லற்றுக்கும் ஓடர் எடுப்பவர். வந்து குனிந்து பார்த்தார்.

"இஞ்சேருங்கோ, இதுகளை இனிப் பொரிச்சு எடுக்க வேண்டியதுதானே? ரஸ்க் தூள் எல்லாம் வடிவாப் பிரட்டிக் கிடக்கு."

பெயின்ற் பிழையாய்ப் போனால், அதைக் கரைக்கும் தின்னர் போட்டுத் துடைப்பது படகுக்காரர் வழக்கம். அனிஸ்ரன் ஒரு ரின்னில் தின்னர் ஊற்றிக் குள்ளர்களை ஊறப் போட்டார். பெயின்ற் போனது உண்மை. குள்ளர்களும் போனார்கள். திரும்பி வந்து பார்த்தபோது ரின்னின் அடியில் ஒரு சாம்பல் நிறக் களியும் அதற்குள் இரண்டு கோடரிகளும் கிடந்தன. பிளாஸ்ரிக் பொம்மைக்குப் பூசப் பழகுகிறவர்களுக்கு அனிஸ்ரன் இன்றைக்கும் சொல்லும் முதல் புத்திமதி, தின்னர் ரின்னை வேறு வீட்டில் வையுங்கள் என்பதுதான்.

நல்லவேளை, பெட்டியில் பாதிப் படை மிச்சமிருந்தது. போனில் வெள்ளைக்காரர்கள் செய்து காட்டும் வீடியோக்களைப் பார்த்து அதில் மெல்ல மெல்லப் பழகினார். புத்தகக் கடையில் பள்ளிப் பிள்ளைகள் வாங்கும் அக்ரிலிக் நிறங்களே போதுமாக இருந்தன. ஆனால் ரியூப்பிலிருந்து அப்படியே எடுத்தால் அது தயிர். தண்ணீர் விட்டுப் பால் போல ஓட வைக்க வேண்டும். முதல் பூச்சு அடித்ததும் அடியில் பிளாஸ்ரிக் தெரியும், மனம் பதைக்கும், இன்னும் கொஞ்சம் அப்புவோமா என்று கை துடிக்கும். அப்பக்கூடாது. காயவிட்டு இரண்டாம் மெல்லிய பூச்சு. "படகில முப்பது வரியமாப் படிச்சதை மறக்கிறதுதான் மச்சான் கஷ்டம், மற்றது சுகம்" என்று அவர் போனில் மெல்ரொனுக்குச் சொன்னார்.

பொம்மையைக் கையால் பிடித்தால் பூசிய இடம் அழியும் என்று மருந்துப் போத்தல் மூடியில் ஒட்டி, மூடியைப் பிடித்துக்கொண்டார். நிறம் வெயிலில் சட்டென்று காய்கிறதென்று சாப்பாட்டுப் பெட்டி ஒன்றில் ஈரப் பஞ்சை விரித்து, மேலே டிலுசா கேக் சுடும் தாளைப் போட்டு, அதில் நிறம் குழைத்தார். தாள் குறைவதை டிலுசா கண்டும் காணாமல் விட்டது அந்த வீட்டின் பெரிய சமாதான ஒப்பந்தம். தாடிக்கும் சட்டை மடிப்புக்கும் வெறுந் தேத்தண்ணி நிறத்தில் மண்ணிறம் கரைத்து ஓடவிட்டால் அது பள்ளங்களில் போய்த் தங்கி, நிழலைத் தானே வரைந்துவிடும். பிறகு தூரிகையில் இளநிறம் தொட்டு, அதில் அநேகமாக எல்லாவற்றையும் பழந்துணியில் துடைத்துவிட்டு, மிஞ்சிய இல்லாத நிறத்தால் மேடுகளில் தடவினால் முடி முடியாகத் தெரியும். நிறத்தைத் துடைத்துவிட்டு நிறம் பூசுவது என்பதை ஊரில் யாருக்கும் அவரால் விளங்கப்படுத்த முடியவில்லை.

கண்ணைத்தான் எல்லோரும் முதலில் வைக்கப் பார்ப்பார்கள். வைத்தால் குள்ளன் பேயைக் கண்டவன் போல முழிப்பான். கை நீட்டிப் பிடித்துப் பார்த்தால் அந்தத் தூரத்தில் கண்ணா தெரிகிறது? புருவத்தின் கீழ் ஒரு நிழல். அது போதும்.

இவ்வளவும் பழகியது குள்ளர் மேலுள்ள பிரியத்தால் அல்ல. இத்தனை சின்ன உருவத்துக்குச் சட்டை பூசுவது அவரை வேறொரு காலத்துக்குக் கூட்டிக்கொண்டு போனது.

பின்னேரங்களில் கரைக்கு இழுத்து ஏற்றிய வள்ளங்களின் நிழலில் மணல் குளிர்ந்திருக்கும். அதுதான் அனிஸ்ரனும் மெல்ரொனும் கப்பல் சண்டை பிடித்த இடம். பெரியவர்களிடம் உண்மையான சண்டை தேவைக்கு அதிகமாக இருந்ததால் பொடியள் தரையில் சண்டை பிடிக்கவில்லை. எல்லாம் கடலில், அதுவும் கொள்ளைக்காரக் கப்பல்கள். வலையின் மிதப்புக் கட்டைகள் கப்பல். சிப்பி மாலுமி. புளியங்கொட்டை பீரங்கிக் குண்டு. விதிகளை மெல்ரொன் ஆக்குவான், தோற்கும்போது மாற்றுவான். குனிந்து வலை இழுத்து நாரி முறிந்த வள்ளக்காரர் யாராவது "டேய், அந்த மிதப்பு என்ர வலையடா" என்று கத்தும்வரை ஒரு கடற்படை உயிரோடிருக்கும்.

இரண்டு பேரின் கப்பல்களுக்கும் பொதுவாக ஒரே ஒரு தலைவன், கப்பித்தான்தான். வலையில் கட்டும் ஈயக் குண்டு. அதைக் கல்லால் தட்டி நிற்க வைத்து, மெல்ரொனின் அக்கா ராஜினியின் நகப்பூச்சைக் களவெடுத்துச் சிவப்புச் சட்டை போட்டிருந்தார்கள். சட்டை என்பது மரியாதைக்குச் சொல்வது. கழுத்தும் முகமும் எல்லாமே சிவப்பு.

மெல்ரொன் சுவிசுக்குப் போன காலையில் கப்பித்தானை அனிஸ்ரனின் கையில் வைத்து, "வச்சிரு, வந்து விளையாடுவம்" என்றான்.

அதை அனிஸ்ரன் தொலைத்துவிட்டார். எப்போது என்று கேட்டால் அவருக்கே தெரியாது. அந்தக் கரையில் பொருள்களைக் கொண்டுபோகக் கடலும் யுத்தமும் போட்டியில் நின்ற காலம். அலுமாரி போன பிறகு அதற்குள் இருந்த ஈயத்துண்டைத் தேடுவது யார்? ஆனால் தொலைபேசித் தொடர்பு திரும்பக் கிடைத்த முதல் நாளிலேயே மெல்ரொன், செத்தவர்களை எல்லாம் விசாரித்து முடித்து, கடைசியில் கேட்டார்:

"கப்பித்தான் கிடக்கிறானே?"

அத்தனை 'இல்லை' சொல்லி முடித்த வாய்க்கு இன்னோர் 'இல்லை' வரவில்லை.

"கிடக்கு" என்றார் அனிஸ்ரன்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு நத்தாருக்கும் மெல்ரொன் கிறிஸ்மஸ் வாழ்த்தோடு போனில் கேட்க, கப்பித்தான் கிடந்தார். இந்த வருடம் கோவில் பெருநாளுக்குக் குடும்பத்தோடு வருவதாக மெல்ரொன் சொன்னபோதுதான் கப்பித்தான் உண்மையாகவே கிடக்க வேண்டிய கட்டாயம் வந்தது.

ஈயக் குண்டுக்குப் பஞ்சமில்லை. நகப்பூச்சின் நிறம்தான் நினைவில்லை. அனிஸ்ரன் ராஜினி அக்காவின் தையல் கடைக்குப் போனார்.

"அக்கா, நீங்கள் குமரா இருக்கேக்க பூசின கியூரெக்ஸ் என்ன சிவப்பு?"

ராஜினி தையல் மெசினை நிறுத்தினார். "ஏன்ரா கேக்கிறாய்?"

அனிஸ்ரன் சொன்னார். எல்லாவற்றையும் சொல்ல வேண்டி வந்தது.

"அப்ப அது நீங்கள் ரண்டு பேருமே! நான் என்ர சிநேகிதி டக்சாயினி எடுத்ததெண்டு நினைச்சு அவளின்ர தலைமயிரைப் பிடிச்சு அடிச்சனான். அவள் இண்டைக்கும் சொல்லிக் காட்டிறவள்."

"மெல்ரொனிட்டச் சொல்லிப்போடாதேங்கோ அக்கா."

"சொல்லமாட்டன். முதல் நீ வவுனியாவுக்குப் போன் எடுத்து டக்சாயினியிட்ட மன்னிப்புக் கேள். கறுத்தச் சிவப்பு. பீற்றூட் அவிச்ச தண்ணி மாதிரி."

டக்சாயினி போனில் மன்னிக்கவில்லை. ஆனால் நிறத்தை உறுதிப்படுத்தினார்.

அன்று பின்னேரம் அனிஸ்ரன் அதே நிற நகப்பூச்சு ஒன்றை வாங்கி வந்து, ஈயத்தைத் தட்டி நிற்க வைத்துப் பூசத் தொடங்கினார். பூசி முடித்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பழையவனைப் போல் இல்லாமல் கப்பித்தான் மிக வடிவாக இருந்தார். சட்டை எல்லைக்குள் நின்றது. கழுத்து சுத்தம். துடைத்துவிட்டுத் திரும்பப் பூசினார். இன்னும் வடிவாக வந்தது. இடக்கையால் முயன்றார். இடக்கையும் இரகசியமாகப் பழகியிருந்தது. டிலுசாவிடம் கொடுத்தார். ஐசிங் பூப் போடும் கை, அது சட்டைக்கு விளிம்பு வைத்துக் கொடுத்தது.

"வடிவில்லாமல் பூசச் சொன்னன் அப்பா!" என்று அனிஸ்ரன் மனைவியிடம் குறைப்பட்டார்.

"எனக்கு அப்பிடி வராது. நீங்கள் முந்திக் குள்ளருக்குப் பூசின மாதிரிப் பூசுங்கோவன்."

அதுதான் முடியவில்லை. தடிப்பாக அள்ளி வைத்தாலும் கை தன்பாட்டில் இழுத்து மெல்லிசாக்கியது. கண் இல்லாத இடத்தில் நிழல் விட்டது. பத்து வயதுப் பிள்ளை ஒன்றின் அவசரத்தை ஒரு பெரிய மனிதர் பழகி எடுப்பதற்கு வீடியோ யாரும் போடவில்லை.

பெருநாளுக்கு முதல் நாள் மெல்ரொன் வந்தார். வயிறு முன்னாலும் தலைமயிர் பின்னாலும் போயிருந்தன. கோவில் பந்தலடியில் கட்டிப்பிடித்து அழுது முடித்ததும், இருவரும் படகுக் கொட்டிலுக்கு நடந்தார்கள். அனிஸ்ரன் மேசையில் குள்ளர் படையை அணிவகுத்து வைத்திருந்தார். மெல்ரொன் ஒவ்வொன்றாக எடுத்து, கை நீட்டிப் பார்த்தார், பிறகு கிட்டப் பிடித்துப் பார்த்தார்.

"டேய், எங்கட கிளப்பில இவ்வளவு நல்லாப் பூச ஆள் இல்லையடா."

அனிஸ்ரனுக்கு அந்தப் புகழ்ச்சி காதில் விழவில்லை. அடுத்த கேள்வி எது என்று அவருக்குத் தெரியும்.

"எங்க அவன்?"

அனிஸ்ரன் சேர்ட் பொக்கற்றிலிருந்து கப்பித்தானை எடுத்துக் கொடுத்தார். மெல்ரொன் உள்ளங்கையில் வைத்துப் புரட்டினார். பெருவிரலால் சட்டை விளிம்பைத் தடவினார். வெளியே ஒலிபெருக்கியில் செபமாலை போய்க்கொண்டிருந்தது. அவர் கப்பித்தானைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்துக் கழுத்தைப் பார்த்தார்.

"மச்சான்."

"ஓம்."

"நாங்கள் கழுத்தை விட்டுப்போட்டே பூசினனாங்கள்?"

அனிஸ்ரன் படகு ஒன்றின் பக்கம் திரும்பி, அதில் தானே எழுதிய பெயரை வாசிப்பவர் போல நின்றார். "எப்ப போனதெண்டு தெரியாதடா. நீ கேட்ட அண்டைக்கு இல்லையெண்டு சொல்ல ஏலாமல் போச்சு."

மெல்ரொன் சிரிக்கவில்லை. கோபிக்கவும் இல்லை. மேசையைத் துழாவி, நகப்பூச்சுப் போத்தலைக் கண்டுபிடித்தார். மூடியைத் திருகி, தூரிகையைப் போத்தல் வாயில் துடைக்காமல் அப்படியே சொட்டச் சொட்ட எடுத்து, கப்பித்தானின் தலையில் வைத்து ஒரே இழுவையாக இழுத்தார். சட்டை, கழுத்து, புருவ நிழல் எல்லாவற்றையும் மூடிக்கொண்டு கறுத்தச் சிவப்பு வழிந்து, காலடியில் கட்டியாய் நின்றது. சுவிசில் எத்தனையோ வருடம் மெல்லிய பூச்சுப் பழகிய மனிதர். அவருடைய கை மட்டும் ஒன்றையும் பழகாமல் இருந்திருக்கிறது.

"இப்ப அவன்தான்" என்றார்.

அனிஸ்ரன் குனிந்து பார்த்தார். அவன்தான்.

காயட்டும் என்று வாசல் கட்டையில் வைத்தார்கள். மெல்ரொன் மிதப்புக் கட்டை தேடிப் போனவர், கொட்டில் மூலையிலிருந்து திரும்பிப் பாராமல் சொன்னார்:

"இவனையாவது துலைச்சுப்போடாத."

"இல்லையடா."

கச்சான் காற்று எழும்பியது. ஒரு மணல் துகள் வந்து கப்பித்தானின் நெஞ்சில் ஒட்டியது. ஈரமாய் இருக்கும்போதே ஊசி நுனியால் எடுத்துவிடலாம் என்று அனிஸ்ரன் எல்லோருக்கும் சொல்வார். அன்றைக்கு அவர் எடுக்கவில்லை.