பல்லிமேல் விழுந்த பழி

ஒரகடம் சாலையில் கைவேலையால் நிமிர்ந்து நின்றவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். அதில் கட்டை விரல் பென்னலூர் பாண்டுரங்கன். அப்பேர்ப்பட்ட மனிதரைத்தான் ஒரு செத்த மானிட்டர் லாரிக்காரர்கள் நடுவில் நிறுத்தி வேடிக்கை பார்த்தது.

ஆளைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் அவரை விட்டது. அவரும் பள்ளிக்கூடத்தை விட்டார். நிலம் தொழிற்பேட்டைக்குப் போனபோது வந்த பணத்தில் கூடப் பிறந்தவர்கள் ஆளுக்கொரு வண்டி வாங்கி ஓட்டித் தீர்த்தார்கள். இவர் வாங்கியது ஈயம் உருக்கி ஒட்டுகிற ஒரு சால்டரிங் அயர்ன். முதலில் சொந்த வீட்டு ரேடியோவைக் கொன்றார். அப்புறம் மச்சான் வீட்டு டிவியைக் கொன்றார். மச்சான் வெகுகாலம் பேசவில்லை. அதற்கு அடுத்து வந்தது பிழைத்துக்கொண்டது. அன்று தொடங்கிய கை இன்றைக்கு வரைக்கும் யாரிடமும் சம்பளத்துக்கு நீண்டதில்லை. ஸ்ரீபெரும்புதூரில் சொந்தமாக ரிப்பேர் கடை, சொந்தப் பெயர்ப்பலகை. அதில் தன் பெயரைக் கடைப் பெயரைவிடப் பெரிதாக எழுதச் சொன்னவர். உழைத்தவன் பெயரைச் சின்னதாக எழுதினால் ஊர் கண்ணுக்கு எப்படித் தெரியும்?

காலையில் போன் வந்தது. லீலா அம்மாளின் எடைமேடையில் கம்ப்யூட்டர் பார்க்கிற நம்பிராஜன். திருநெல்வேலிப் பக்கத்துப் பிள்ளை.

"அண்ணாச்சி, டிவி எரிய மாட்டேங்கு."

"டிவி இல்ல தம்பி, மானிட்டரு. லைட்டு இன்னா கலர்ல கீது?"

"லைட்டே இல்ல அண்ணாச்சி. செத்த மாடு மாதிரி கெடக்கு. சீக்கிரம் வாங்க."

எடைமேடை என்றால், லாரி ஏறி நின்றதும் எடை திரையில் வரும். வண்டி நம்பரைத் தட்டி சீட்டு அடித்துக் கொடுப்பார்கள். சீட்டு இல்லாத லாரியைக் கம்பெனி கேட்டில் உள்ளே விடமாட்டார்கள். பாண்டுரங்கன் போய்ச் சேர்ந்தபோது லாரிகள் சாலை வரைக்கும் நின்றன. டிரைவர்கள் இறங்கி வந்து கம்ப்யூட்டர் இருந்த தகரக் கொட்டகைக்குள் நெருக்கிக்கொண்டு, ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். முன்னால் நின்றவன் தமிழ்வாணன், மண்ணூர்க்காரன்.

"பின்னாடி ரெண்டு தட்டு தட்டு நைனா, வந்துடும். எங்க வூட்டு டிவி அப்படித்தான் வரும்."

"உன் லாரி நின்னா ரெண்டு தட்டு தட்டித்தான் ஓட்டறியா?" என்றார் பாண்டுரங்கன். "தள்ளி நில்லு. காத்து வரட்டும்."

லீலா அம்மாள் சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டாள்: "பாண்டுண்ணா, என் பையன் சென்னைல ஒரு கம்பெனியப் பேசி வச்சிகினு கீறான். அல்லா மெஷினையும் இனிமே அவங்களே பார்த்துப்பாங்களாம். நான்தான் பாண்டுண்ணா கீறாருன்னு தள்ளிகினு வரேன். மதிய ஷிஃப்ட்டு ஆரம்பிக்கிறதுக்குள்ள இது எரியலன்னா, அவனுக்கு நான் இன்னா பதில் சொல்றது?"

இந்த எடைமேடை போட்ட நாளிலிருந்து அவர் கை படாத ஒயர் அங்கே கிடையாது. அதைப் போய் எவனோ பேர் தெரியாத கம்பெனிக்குக் கொடுப்பதா? கொடுத்தால் சாலை முழுக்கப் பேச்சாகிவிடாதா? பாண்டுரங்கனுக்குக் காது மடல் சூடாகிவிட்டது.

"டீ சொல்லும்மா. அது ஆறதுக்குள்ள எரிய வெக்கிறேன்."

பின்மூடியைக் கழற்றினார். உள்ளே கரண்ட்டைப் பிரித்துக் கொடுக்கிற பவர் சப்ளை போர்டு. அதன்மேல் குறுக்காகக் கருகிக் கிடந்தது ஒரு பல்லி. சூட்டுக்கு வந்து படுத்த இடத்தில், ஒரு பக்கத்துக் கரண்ட்டை மறு பக்கத்துக்குத் தன் உடம்பாலேயே கடத்திவிட்டுப் போய்ச் சேர்ந்திருந்தது. தினம் பார்க்கிற சங்கதி. கவனிக்காமல் வாய் விட்டுவிட்டார்.

"ஒண்ணும் இல்ல, பல்லி."

லீலா அம்மாள் இரண்டடி பின்னால் போய்விட்டாள். "ஐயையோ! தலை எந்தப் பக்கம் கீது?"

"தலையா?"

"வடக்க பாத்துல்லா கெடக்கு," என்றான் நம்பிராஜன், எட்டிப் பார்த்து. "நல்லதில்லையே அண்ணாச்சி."

"டப்பாவத் திருப்பினா தெற்கப் பார்க்கும். போதுமா?"

"விளையாடாதீங்கண்ணா," என்றாள் லீலா அம்மாள். "செத்த பல்லியத் தொட்டா தோஷம். காஞ்சிபுரம் கோயிலுக்குப் போய் தங்கப் பல்லியத் தொட்டுக் கும்பிட்டாத்தான் போவும். போயிட்டு வந்து வேலைய ஆரம்பிங்களேன்?"

"காஞ்சிபுரம் போயிட்டு வர வரைக்கும் லாரிங்க இங்க பஜனை பாடிகினு இருக்குமா?" பாண்டுரங்கன் ஸ்க்ரூ டிரைவரால் பல்லியை நெம்பி வெளியே போட்டார். பெரிய கெப்பாசிட்டரில் தங்கியிருந்த கரண்ட்டை இறக்கினார். இறக்காமல் கை வைத்தால் அது ஆளை உதைத்துத் தள்ளும். பியூஸ் போயிருந்தது. மாஸ்ஃபெட் என்கிற மூன்று கால் சாமானும் வெந்திருந்தது. இரண்டையும் மாற்றினார்.

இங்கேதான் ஒரு தொழில் விஷயம் இருக்கிறது. ரிப்பேர் பார்த்த போர்டுக்கு நேராகக் கரண்ட் கொடுக்கக் கூடாது. நடுவில் ஒரு பல்பைக் கோர்த்துத்தான் கொடுக்க வேண்டும். உள்ளே இன்னும் ஷார்ட் இருந்தால் பல்பு பளிச்சென்று எரிந்து காட்டிக் கொடுக்கும்; போர்டுக்குச் சேதம் இல்லை. இது பாண்டுரங்கன் தூக்கத்திலும் மறக்காத பாடம். ஆனால் பல்பு கடையில் இருந்தது. வெளியே ஹாரன். தோளுக்கு மேலே தமிழ்வாணன் மூச்சு. மேசையில் டீ. 'இந்த அற்பப் பல்லிக்குப் பல்பு ஒரு கேடா' என்று நேராகவே செருகிவிட்டார்.

டப்!

கொட்டகை முழுக்கப் புகை. டிரைவர்கள் ஒருவர் மேல் ஒருவர் விழுந்து வெளியே ஓடினார்கள். நம்பிராஜன் மேசைக்கு அடியில் போய்விட்டான்.

"நான் சொன்னேன்ல!" என்றாள் லீலா அம்மாள். பிறகு அவள் குரல் இளகிவிட்டது. "உங்க மேல குத்தமே இல்லண்ணா. பல்லி தோஷத்துக்கு யாரு இன்னா பண்ண முடியும்? பையன்கிட்ட நானே சொல்லிக்கிறேன்."

பாண்டுரங்கன் தப்பித்துக்கொண்டிருக்கலாம். வாயை மூடிக்கொண்டு தலையை ஆட்டியிருந்தால் போதும். பேரும் பிழைக்கும், பழியும் செத்ததன் தலையில் போகும். ஆனால் அவருக்கு ஆத்திரம் கிளம்பியது. இத்தனை வருஷம் நெருப்பில் நின்ற கையை ஒரு விரல் நீளப் பல்லி தோற்கடித்தது என்றா ஊர் பேசுவது?

"தோஷமாவது மண்ணாவது! பல்பு போடாம நேரா சொருகினேன், வெடிச்சிது. என் வேலைய ஒரு பல்லியால கெடுக்க முடியுமா? அதக் கெடுக்கணும்னா நானே வந்தாத்தான் முடியும்! தம்பி, அடியிலருந்து எந்திரி. ஓடிப் போய் ஒரு பல்பு வாங்கிகினு வா."

"நீதான் இப்ப வாங்கிட்டியே தலைவரே," என்றான் தமிழ்வாணன் வாசலில் இருந்து. டிரைவர்கள் கொல்லென்று சிரித்தார்கள். பல்பு வாங்குவது என்றால் அசடு வழிவது என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். பாண்டுரங்கன் நம்பிராஜனைக் கடைக்கு விரட்டினார்.

நம்பிராஜன் பெருமையாக வந்து நீட்டினான். வெள்ளை வெளேரென்று எல்ஈடி.

"இது எதுக்குடா தம்பி? இழை இருக்கணும், இழை! உள்ள கம்பி செவப்பா எரியுமே, அந்தக் குண்டு பல்பு!"

"அதெல்லாம் இப்ப விக்கவே மாட்டாங்களாம் அண்ணாச்சி. கடைல சிரிக்காவ."

"அதெப்படி இல்லாம போவும்?" பாண்டுரங்கன் தலையில் கை வைத்துக்கொண்டு சாலையைப் பார்த்தார். எதிரே பேக்கரி. "அதோ! பப்ஸ் வைக்கிற கண்ணாடிப் பெட்டி! சூட்டுக்கு உள்ள அந்தப் பல்புதான் போட்டிருப்பான். கழட்டிகினு வா!"

நம்பிராஜன் ஹோல்டரோடு கொண்டு வந்தான். "பப்ஸ் ஆறிப்போவும்னு கடைக்காரரு ஏசுதாரு. சீக்கிரம் குடுக்கணுமாம்."

பல்பைக் கோர்த்து, புது பியூஸ் போட்டுக் கரண்ட் கொடுத்தார். பல்பு கல்யாண வீடு மாதிரி எரிந்தது. எரிந்தால் ஷார்ட் இன்னும் உள்ளேதான் இருக்கிறது. மீட்டரை வைத்து ஒவ்வொன்றாகத் தேடினார். கரண்ட் நுழைகிற இடத்தில், அதை ஒரு பக்கமாக மட்டும் விடுகிற நாலு டயோடு. அதில் கடைசியில் நின்றது போயிருந்தது. வெளியே பார்த்தால் மினுமினுப்பு, உள்ளே வெறும் கட்டை. முதலிலேயே மீட்டரை வைத்திருந்தால் தெரிந்திருக்கும். தன்னையே திட்டிக்கொண்டு மாற்றினார். திரும்பவும் கரண்ட். பல்பு ஒரு கண் சிமிட்டி மங்கியது. மானிட்டரின் ஓரத்தில் சின்ன நீல வெளிச்சம்.

பல்பைக் கழற்றி நேராகக் கொடுத்து, மூடியைப் போட்டு மானிட்டரை நிமிர்த்தி வைத்தார். எண்கள் வந்தன. தமிழ்வாணன் ஓடிப்போய் லாரியை மேடையில் ஏற்றினான். எடை விழுந்தது. பிரிண்டர் சீட்டைத் துப்பியது. மதிய ஷிஃப்ட்டுக்கு ஆள் ஏற்றி வந்த பஸ்கள் அப்போதுதான் ஒவ்வொன்றாகக் கம்பெனிப் பக்கம் திரும்பிக்கொண்டிருந்தன; கெடு தப்பவில்லை.

லீலா அம்மாள் மகனுக்குப் போன் போட்டாள். பாண்டுரங்கன் சாமான்களை அடுக்குகிற மாதிரி காதைக் கொடுத்தார்.

"எரிஞ்சிடுச்சுடா. ஆமா, பாண்டுண்ணாதான். அந்தச் சென்னைக் கம்பெனி வேணாம்னு சொல்லிடு. ஏனா? பல்லி செத்த மெஷினுடா இது! தோஷம் கீற மெஷின வேற ஆளு தொட்டா அவனுக்கும் ஒட்டிக்கும். தொட்ட கையே தொடட்டும்."

"லீலாம்மா! தோஷம் இல்லன்னு இத்தினி நேரம் தொண்டை கிழியச் சொல்லிகினு கீறேன்! டயோடு! டயோடு போச்சு!"

"சரிண்ணா, சரி. டயோடுதான். நீங்க டீயக் குடிங்க." போனை மறைத்துக்கொண்டு அவள் மெதுவாகச் சொன்னாள்: "எதுக்கும் வெள்ளிக்கிழம ஒரு நடை காஞ்சிபுரம் போயிட்டு வந்துடுங்க."

"நான் மனசுக்குள்ள நேந்துக்கிட்டேன் அண்ணாச்சி," என்றான் நம்பிராஜன். "அதான் ரெண்டாம் மட்டம் வெடிக்கல."

பாண்டுரங்கன் வாசலுக்கு வந்து, வரிசையாக நின்ற லாரிகளைப் பார்த்து உச்சக் குரலில் கத்தினார்: "அடுத்த தடவ செத்துச்சுன்னா பல்லிக்கே போன் போடுங்க! அதுவே வந்து பார்க்கும்!"

பதினாலு சக்கர லாரி ஒன்று உறுமிக்கொண்டு மேடையில் ஏறியது. அவர் சொன்னது யார் காதிலும் விழவில்லை. பேக்கரிக்காரர் மட்டும் எதிரே நின்று கை தட்டிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார், பல்பைக் கேட்டு.