அம்மா அடக்கிய தும்மல்

சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டில் பக்கத்தில் நின்றவர் வாயைக்கூட மூடாமல் தும்மிவிட்டு, ஏதோ சாதித்தவர் போல எல்லோரையும் பார்த்தார். எனக்குப் பெரியப்பா ஞாபகம் வந்துவிட்டது.

கூட்டுக் குடும்பத்தில் அவர்தான் மூத்தவர். எச்சில் தெறிக்க அவர் தும்மினால் தெருமுனைவரை கேட்கும். அதில் அப்படியொரு பெருமை. ஆனால் அவர் வெளியே கிளம்பும்போது வீட்டுப் பெண்கள் தும்மக் கூடாது. சகுனம் கெட்டுவிடுமாம்.

ஒருநாள் பருத்தி விலை பேசப் பக்கத்து ஊரான திருவேங்கடத்துக்குக் கிளம்பி, வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார். அடுப்பில் மிளகாய் வறுத்த நெடியில் அம்மாவுக்குத் தும்மல் முட்டியது. மூக்கை இறுகப் பிடித்து, வாயையும் மூடி அடக்கினாள். மறுநொடி காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். விரலிடுக்கில் ரத்தம்.

செவிப்பறை கிழிந்துவிட்டது என்றார் டாக்டர். "தும்மல இப்படி அடக்கவே கூடாதும்மா."

சாயங்காலம் திரும்பிய பெரியப்பா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "நல்லவேள, அடக்கிட்டா. போன காரியம் ஜம்முனு முடிஞ்சிட்டுல்லா" என்றார்.

காதில் பஞ்சோடு படுத்திருந்த அம்மா என்னிடம் கேட்டாள்: "பெரியப்பா என்னட்டி சொல்லுதாவ?"

"ஒண்ணுமில்லம்மா. இனிமே நீ நல்லாத் தும்மு" என்றேன், அவருக்கும் கேட்கட்டும் என்று சத்தமாகவே.

அவர் முறைத்தார். முறைத்தால் முறைக்கட்டும் என்று நானும் பார்த்துக்கொண்டே நின்றேன்.